சாதாரணக் காற்று

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும், பேசுவதற்கு மட்டும் வேண்டாம். ஒரு நாற்காலியை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்த மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பசி வந்து, அந்தப் பசியும் அலுத்துப்போய் அடங்கும்வரை பேசுவதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். அப்படியிருந்தால் எந்த வேலை அதிகம் நடக்குமோ அந்த வேலைதான் அங்கே நடந்தது.

இந்த இடத்தில் ஒருத்தி நுண்பாசி வளர்த்துக்கொண்டிருந்தாள். பாசி மேடம் என்று கேட்டால்தான் வாசல் காவலருக்கே ஆளைத் தெரியும். தற்காலிக வேலை. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் ஆரம்பித்த அந்தத் தற்காலிகம், மகள் அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் தற்காலிகமாகவே இருந்தது. இந்த ஒரு ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்தால் நிரந்தர ஆணை நிச்சயம் என்று இயக்குநர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவர் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் எதுவும் கிடையாது என்றாலும், அவள் அதை நம்பித்தான் இருந்தாள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், வேறு நம்பிக்கைக்கு எங்கே போவாள்?

ஆராய்ச்சி சிக்கலானது ஒன்றும் இல்லை. நாம் மூச்சில் வெளியே தள்ளுகிறோமே கரியமில வாயு, அதுதான் பாசிக்குச் சாப்பாடு. சாப்பாடு கூடினால் பாசியின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு சேர்கிறது, எந்தெந்தக் கொழுப்பு அமிலம் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவைகளை மூன்று வரிசையாக வைத்திருந்தாள். மூன்றாம் வரிசைக்குக் கரியமில வாயு நிறையக் கலந்த காற்று. இரண்டாம் வரிசைக்குக் கொஞ்சம் கலந்த காற்று. முதல் வரிசைக்கு ஒன்றும் கலக்காத, நீங்களும் நானும் தெருவில் சுவாசிக்கிற சாதாரணக் காற்று. முதல் வரிசையோடு ஒப்பிட்டுத்தான் மற்ற இரண்டையும் சொல்ல முடியும். அது கெட்டால் எல்லாம் கெட்டது.

வந்தது வினை. பாசி அறைக்குப் புதுக் கூரை போடப்போகிறோம் என்று சொல்லி, குடுவைகளைக் கூட்ட அரங்கத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சரக்கு அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. முதல் வரிசைக்கு வெளிக்காற்றை இழுக்கச் சுவரில் ஒரு ஓட்டை போட வேண்டும். வெளிச்சுவருக்கு அப்போதுதான் வெளிர்பச்சை அடித்திருந்தார்கள், அதைத் தொட வேண்டுமென்றால் கட்டட அழகுக் குழு கூட வேண்டும். உள்சுவரில் ஓட்டை போடுவதற்கு எந்தக் குழுவும் இல்லை. ஆகவே நிர்வாக அதிகாரி உள்சுவரில் போடச் சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்ட அரங்கம்.

"காத்துன்னா எல்லாம் காத்துதானே மேடம்? அங்க இருக்கறது மட்டும் வேற காத்தா?" என்று கேட்டார் நிர்வாக அதிகாரி.

அப்போது அவளும் அப்படித்தான் நினைத்துக் குழாயை அந்த ஓட்டையில் செருகினாள்.

கொஞ்ச நாளில் முதல் வரிசைப் பாசி விபரீதமாக வளர ஆரம்பித்தது. மெலிந்து இருக்க வேண்டியது கரும்பச்சையாகத் தடித்துக்கொண்டு வந்தது. கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தால், இரண்டாம் வரிசையை எட்டிப்பிடிக்கிற மாதிரி கணக்கு. அவள் குழாயை மாற்றினாள், குடுவையைக் கழுவினாள், தன் கையையே சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கழுவினாள். விடுமுறை நாட்களில் பாசி அடங்கியிருந்தது. வேலை நாட்களில் கொழுத்தது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒருநாள் கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவியைக் கொண்டுபோய் அந்த ஓட்டையின் வாயில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். "நண்பர்களே, இரண்டே வார்த்தை" என்றார். கருவியில் எண் லேசாக அசைந்தது. நிலையத்தின் கடந்த காலத்தைச் சொன்னார், எண் ஏறியது. எதிர்காலத்துக்கு வந்தார், கிடுகிடுவென்று ஏறியது. "இறுதியாக" என்ற சொல் கேட்டதும் அவள் பெருமூச்சு விட்டாள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எண் மிக உயரத்துக்குப் போனது. ஜன்னலெல்லாம் மூடி, குளிர்சாதனத்தை ஓடவிட்டு, அரங்கம் நிறைய ஆளை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசினால் அந்த அறைக் காற்று என்ன ஆகும்? அதைத்தான் அவளுடைய பாசி தின்றுகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இத்தனை மாத உழைப்பும் பாழ்.

நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். "சார், முதல் வரிசைக் கணக்கு செல்லாது. நீங்க பேசப் பேச அரங்கத்துல கரியமில வாயு கூடுது, அதைக் குடிச்சுப் பாசியில கொழுப்பு ஏறுது. ஆனா..."

"என்ன சொன்னீங்க?" இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீங்க பேசினா கொழுப்பு கூடுது சார். ஆனா நல்ல கொழுப்பு..."

அவர் மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. அந்த வாக்கியத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. இந்தப் பாசி ரகத்தில் கரியமில வாயு ஏற ஏற மொத்தக் கொழுப்பு கூடும், ஆனால் உடம்புக்கு நல்லதென்று சொல்கிறார்களே, குளிரிலும் உறையாத நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், அவற்றின் பங்கு குறைந்துகொண்டே போகும். பெருப்பது பெருக்கும், பயன் சிறுக்கும். இந்தப் பாதியைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வெகுநாள் கிடைக்கவில்லை.

மறுநாளே சிறப்புக் கூட்டம். இயக்குநர் பேசினார்: "நண்பர்களே! இவ்வளவு வருஷமா நான் பேசினதுல ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு வெளியில சொன்னாங்க. என் வீட்டிலேயே சொல்லியிருக்காங்க. நானும் சில நேரம் அப்படி நினைச்சதுண்டு. இன்னிக்கு அறிவியல் பதில் சொல்லிடுச்சு. இந்த நிலையத்துல வேலை நடக்கலைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. நாம பேசிக்கிட்டுதானே இருக்கோம்?"

கைதட்டல் அடங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கருவி ஏறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நிலையமே வேறு நிலையமாகிவிட்டது. அரங்கத்து ஜன்னல்களுக்கு ஆணி அடித்தார்கள். வெளியேற்று விசிறியைக் கழற்றி வாகனக் கொட்டகையில் போட்டார்கள். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஈரத்துணி திணித்தார்கள். அதுவரை கூட்டத்தில் கொட்டாவி விட்டால் விளக்கம் கேட்பார்கள். இப்போது கொட்டாவி விடுகிறவரை இயக்குநர் மேடையிலிருந்தே கருணையோடு பார்த்துத் தலையசைத்தார். ஒவ்வொரு பிரிவும் முறைவைத்துப் பேச வேண்டுமென்று உத்தரவு வந்தது. பாவம், நூலகர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறக்காதவர் என்பதற்காகவே மதிக்கப்பட்டவர். அவரைக் கூப்பிட்டு, உங்கள் பிரிவிலிருந்து காற்று வரவேயில்லையே என்று கண்டித்தார்கள். மனிதர் வெலவெலத்துப்போய், பேசுவதற்கு ஒன்றும் தோன்றாமல், நூலகத்திலிருந்த புத்தகங்களின் பெயரை அகரவரிசையில் வாசிக்க ஆரம்பித்தார். 'க' முடிவதற்குள் சாயங்காலம் ஆனது. அந்த வாரத்தின் சிறந்த உரையாக அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

நிர்வாக அதிகாரி சும்மா இருப்பாரா? விதிமுறைகளை வாசித்தால்தான் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் வருகிறது, ஏனென்றால் விதிமுறை வாக்கியங்கள் நீளம், என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் போட்டிபோட்டுப் பேசினார்கள். யார் பேச்சில் என்ன கொழுப்பு வந்தது என்று தனித்தனியாகச் சொல்லுமாறு அவளுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள்.

"சார், பாசிக்குப் பேச்சு தெரியாது. மூச்சுதான் தெரியும். தூங்கிட்டிருந்தாலும் இதேதான் வரும்" என்றாள்.

நிர்வாக அதிகாரி யோசித்தார். "மூச்சு விடறது அவங்கவங்க சொந்த விஷயந்தான், ஒத்துக்கறேன். ஆனா அலுவலக நேரத்துல விடற மூச்சு நிலையத்துக்குச் சொந்தம் இல்லையா?"

மதிய இடைவேளையில் வெளியே போய் மூச்சு விடுவதைக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கை இப்படித்தான் பிறந்தது.

வீட்டில் கணவனிடம் சொல்லிப் புலம்பினாள். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். பயந்து பயந்து வண்டி ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எதற்கும் பதறாத ஆளாகிவிட்டவன்.

"கண்ணாடியைப் பாக்காம ரிவர்ஸ் எடுக்கற ஆளுங்க. அவங்களுக்குப் பின்னாடி நின்னு நீ கையைக் காட்டி என்ன ஆகப்போகுது?"

"முதல் வரிசை இல்லாம நான் எதைச் சொன்னாலும் அது பொய்ங்க. ஒரு வாரம் அந்த அரங்கத்தைச் சும்மா விட்டாங்கன்னா போதும். ஜன்னலைத் திறந்துவெச்சு, யாரும் உள்ள போகாம."

"கேட்டுப் பாரு. ஆனா ஆணை கையில வர்ற வரைக்கும் ஹாரன் அடிக்காதே. நம்ம பொண்ணு படிப்பு பின் சீட்டுல உக்காந்திருக்கு, மறந்துடாதே."

கேட்டுப் பார்த்தாள். ஆச்சரியம் என்னவென்றால் இயக்குநர் உடனே ஒப்புக்கொண்டார். அறிவியலுக்கு மௌனமும் தேவை என்று உருக்கமாகச் சொன்னார். ஒரு வார மௌனத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று முடிவெடுக்க மௌனக் குழு ஒன்றை அமைத்தார். அந்தக் குழு அடுத்த நாளே கூடியது. கூட்ட அரங்கத்தில்தான் கூடியது, வேறு எங்கே கூடும்? மௌனம் என்றால் என்ன, இருமல் அதில் சேருமா, சேர்ந்தால் எந்தத் தரத்து ஊழியர் வரை இருமலாம் என்று விவாதித்தார்கள். ஒரு வாரத்தை வாரமென்பதா, வேலை வாரமென்பதா என்பதிலேயே மாதம் போனது. மௌனக் குழு கூடிய நாட்களில் பாசி முன்னெப்போதையும்விடக் கொழுத்திருந்ததைக் கண்டு அவளே கணக்கை இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தாள். நல்ல கொழுப்பு அமிலத்தின் பங்கோ பாதாளத்துக்குப் போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. தலைவர் ஒரு பேராசிரியர் அம்மாள். அந்த அம்மாள் முன்னிலையில் ஆராய்ச்சியை வெளியிட்டு, மேடையிலேயே பாசி மேடத்துக்கு நிரந்தர ஆணை வழங்குவது என்று ஏற்பாடு. அவள் மேடையில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் இயக்குநரே சொல்லிக்கொடுத்தார்.

"நம்ம அரங்கக் காத்துல கொழுப்பு கூடுது. இவ்வளவுதான் நீங்க சொல்லணும். அதோட முற்றுப்புள்ளி."

"சார், அதுக்கப்புறம் ஒரு 'ஆனா' இருக்கு."

"அந்த 'ஆனா'வை நிரந்தரமானதுக்கு அப்புறம் சொல்லிக்கலாமே? எங்க போயிடப்போகுது?" என்று சிரித்தார். உள்சட்டைப் பையிலிருந்து ஆணையைப் பாதி இழுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். அவள் தன் பெயரை அதில் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த 'ஆனா'வை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. கடைநிலை ஊழியர் முதல் வாகன ஓட்டுநர் வரை காற்றுக்காகவே கொண்டுவந்து நிறைத்திருந்தார்கள். வரவேற்புரை, முன்னிலை உரை, சிறப்புரை, சிறப்புரைக்கு விளக்கவுரை என்று போய்க்கொண்டிருந்தது. குளிர்சாதனம் பாதியில் நின்றது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் மடியில் கருவியை மறைத்து வைத்திருந்தாள். அதில் எண் போய்க்கொண்டே இருந்தது. பின்வரிசையில் தலைகள் சாய ஆரம்பித்தன. நடுவரிசை சரிந்தது. கேள்வி கேட்க வந்த மதிப்பீட்டுக் குழு மொத்தமும் மேடையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது. பேராசிரியர் அம்மாள் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கப் பாடுபட்டார். ஓரத்தில் நூலகர் முகம் வெளுத்து, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னமோ பண்ணுது மேடம்" என்றார் அவளிடம். "மூச்சு முட்டுது."

"இறுதியாக" என்றார் இயக்குநர் மேடையில்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன ஆகும் என்று உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் எண்ணிக்கையோடு தெரியும். இயக்குநரின் சட்டைப் பையில் ஆணையின் முனை வெள்ளையாகத் தெரிந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போய், கதவடியில் திணித்திருந்த ஈரத்துணியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

காற்று உள்ளே வந்தது. முதலில் கதவோரத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக விழித்துக்கொண்டார்கள். தூக்கக் கலக்கத்தில் சிலர் உரை முடிந்துவிட்டதென்று நினைத்து மனதார, பலமாகக் கைதட்டினார்கள். நூலகர் வாசற்படியில் போய் உட்கார்ந்து தெருக்காற்றை வாங்கினார். பேராசிரியர் அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அந்தப் பாசி வளர்க்கற பொண்ணு யாரு? நீயாம்மா? கொழுப்பு கூடுதுன்னு காலையிலேருந்து சொல்றாங்க. எந்தக் கொழுப்பு? சாதாரணக் காத்துல எவ்வளவு இருந்துச்சு?"

கேள்வி என்று ஒன்று அந்த அரங்கத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அவள் கதவருகிலேயே நின்று சொன்னாள்.

"மொத்தக் கொழுப்பு கூடுதும்மா. ஆனா நல்ல கொழுப்பு அமிலம் குறையுது. இந்த அரங்கத்துல எவ்வளவு பேச்சு கூடுதோ அவ்வளவுக்கு அது குறையுது. சாதாரணக் காத்துல எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. சாதாரணக் காத்து எங்களுக்கு இன்னும் கிடைக்கலை."

இரண்டாம் பாதியைச் சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பே லேசானது. இயக்குநர் ஆணையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

விசாரணை அதே அரங்கத்தில் நடந்தது, கதவுகளை மூடிக்கொண்டு. நிர்வாக அதிகாரி குற்றச்சாட்டை வாசித்தார்: "கதவைத் திறந்ததைக் குத்தம்னு சொல்லலை. கதவுன்னா திறக்கத்தான். ஆனா திறந்தா உள்ள இருக்கறது வெளிய போயிடும்னு தெரிஞ்சும் திறந்தீங்க பாருங்க, அதுதான் குத்தம். அவ்வளவு பேர் பாடுபட்டுச் சேர்த்த காத்து மேடம்! இப்ப அது எங்க இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?"

வேலை போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். கணவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஹாரன் அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்."

"நூலகர் நல்லாயிருக்காரா?"

"நல்லாயிருக்கார். இப்ப மறுபடியும் பேசறதில்லையாம்."

"அப்ப அடிக்க வேண்டிய இடந்தான். விடு. பொண்ணுக்கு வழி பண்ணிக்கலாம், ஒரு ரோடு அடைச்சா இன்னொரு ரோடு."

சொல்லிவிட்டானே தவிர, எந்த ரோடு என்று அவனுக்கும் தெரியவில்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பேராசிரியர் அம்மாள் மட்டும் அவளை மறக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார். "உன் பாசி உன்கிட்ட இருக்கா? திறந்த வெளியில ஒரு குடுவை வளர்த்து எனக்கு அனுப்பும்மா. என் இயந்திரத்துல பாத்துச் சொல்றேன்." பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரிலிருந்து அவளே பிடித்து வளர்த்த ரகம் அது, வீட்டில் ஒரு சின்னக் குப்பியில் எப்போதும் கொஞ்சம் வைத்திருப்பாள். மாடிப்படி முகப்பில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே குடுவையை வைத்தாள். மீன்தொட்டிக்கு வைக்கிற பம்பு ஒன்றை மகள் எங்கிருந்தோ வாங்கிவந்தாள். தெருக்காற்று குமிழ் குமிழாக ஏறியது. பாசி ஆரவாரமில்லாமல், வெளிறிய பச்சையில் மெல்ல வளர்ந்தது. கணக்கு வந்தபோது கொழுப்பு கொஞ்சம்தான் இருந்தது, ஆனால் இருந்ததில் பெரும்பங்கு நல்ல கொழுப்பு அமிலம். அவள் அந்த ஒல்லிப் பாசியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

சாதாரணக் காற்றோடு ஒப்பிடாத எதையும் ஏற்க முடியாது என்று மதிப்பீட்டுக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. நிலையத்தின் மானியமும் அதோடு தொங்கலில் நின்றது. ஆக, ஒருநாள் காலையில் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இயக்குநரும் நிர்வாக அதிகாரியும் படியேறி வந்தார்கள். இயக்குநரின் பையில் அதே ஆணை. கொஞ்சம் கசங்கியிருந்தது.

"உங்க வேலை உங்களுக்குத்தான். நிரந்தரம். இப்பவே வாங்கிக்கங்க" என்றார். "இந்தக் குடுவையை மட்டும் எங்களோட அனுப்பிடுங்க. அரங்கத்துல மேடைமேல வெச்சு, அது முன்னாடி தினமும்..."

அவள் ஆணையை ஒரு தரம் பார்த்தாள். பின்னால் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கை நீளத்தான் பார்த்தது. அதை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வர்றேன் சார். எனக்கும் வேலை வேணும். ஆனா முதல்ல அந்தச் சரக்கு அறை வெளிச்சுவர்ல ஒரு ஓட்டை போடுங்க. போட்ட அன்னிக்குக் குடுவையோட நானே வர்றேன்."

இயக்குநரும் நிர்வாக அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிச்சுவர் என்றால் கட்டட அழகுக் குழு. அதைத் திரும்பக் கூட்ட வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு குழு. இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"அது விஷயமா, இரண்டே வார்த்தை..."

அவள் குனிந்து, குமிழ் விட்டுக்கொண்டிருந்த குடுவையைக் குழாயோடும் பம்போடும் அலுங்காமல் தூக்கி, காற்று வருகிற அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். பம்பு காற்று இழுக்கிற வாயைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டாள். இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. நிலையத்தின் கடந்த காலத்தை முடித்துவிட்டு அவர் எதிர்காலத்துக்கு வந்திருந்தார்.